மெயில் ஐடியில் ஒரு புள்ளி: வாசகர் கேள்வி – பதில்

மின்னஞ்சல் பெயரில் வரும் புள்ளி, பிளஸ், கோடு, பெரிய எழுத்து பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகக் கட்டியிருக்கிறோம். பதில்களில் வரும் முகவரிகள் எல்லாம் மாதிரிக்கு மட்டுமே. படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஜிமெயில் ஐடியில் புள்ளி கிடையாது. அதே பெயரில் நடுவே புள்ளி வைத்த ஐடிக்குப் போக வேண்டிய மெயில் எல்லாம் எனக்கு வருகிறது. கோவையில் இருக்கும் யாரோ ஒருவருடைய வங்கி ஸ்டேட்மென்ட், பள்ளிக் கட்டண ரசீது, கேஸ் பில். அவரும் என் பெட்டியைத் திறந்து பார்ப்பாரோ என்று பயமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்)

பதில்: பார்க்க மாட்டார், பார்க்கவும் முடியாது. புள்ளி வைத்த ஐடி என்று தனியாக ஒன்று இல்லை, டீச்சர். அதுவும் உங்களுடையதே.

@ஜிமெயில்.காம் என்று முடியும் முகவரியில், @-க்கு முன்னால் இருக்கும் புள்ளிகளைக் கழித்துவிட்டுத்தான் கூகுள் படிக்கிறது. மல்லிப்பூ, மல்லிப்.பூ, ம.ல்லிப்.பூ மூன்றும் ஒரே பெட்டி. ஆங்கிலத்தில் எட்டு எழுத்து வரும் பெயர் என்றால் எழுத்துகளுக்கு நடுவே ஏழு இடம் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் புள்ளி வைக்கலாம், விடலாம். ஆக 128 வடிவம். 128-க்கும் சொந்தக்காரர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கணக்குத் தொடங்கிய அன்றே மீதி 127 வடிவங்களும் உங்கள் பேருக்குப் போய்விட்டன. வேறு யாராலும் அவற்றைப் பதிவு செய்ய முடியாது.

அப்படியானால் கோவைக்காரரின் ஸ்டேட்மென்ட் ஏன் வருகிறது? அவர் தன் ஐடியைத் தவறாகக் கொடுத்திருக்கிறார், அல்லது கவுன்டரில் எழுதிக்கொண்டவர் தவறாக எழுதியிருக்கிறார். அவருடைய உண்மையான ஐடியின் கடைசியில் ஓர் எண் இருக்கும், அல்லது கூடுதலாக ஓர் இனிஷியல் இருக்கும். நம் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. எஸ்.கே. முன்னால் வந்தால் ஓர் ஆள், பின்னால் வந்தால் வேறோர் ஆள். புள்ளியைத்தான் கூகுள் கண்டுகொள்ளாதே தவிர, எழுத்தின் வரிசையை அச்சுப் பிசகாமல் பார்க்கும். செந்தில் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறோம். தமிழ்ச்செல்விக்கு எத்தனை விதம் என்று எண்ணிப் பாருங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் அந்த மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். ‘டூ’ என்ற வரி விரியும். அதிலுள்ள ஐடியைத் தாளில் எழுதி, புள்ளிகளை அடித்துவிட்டு, உங்கள் ஐடியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொருந்தினால் அது உங்கள் முகவரிக்கே அனுப்பப்பட்ட மெயில்.

இனிச் செய்ய வேண்டியது. வங்கியின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு, ‘இந்த ஐடி உங்கள் வாடிக்கையாளருடையது அல்ல, நீக்கிவிடுங்கள்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். ஸ்டேட்மென்ட்டை இணைத்து அனுப்ப வேண்டாம். வந்த தேதியும் தலைப்பும் போதும். ஸ்டேட்மென்ட் வந்த முகவரிக்கே பதில் போட்டுப் பயனில்லை, பெரும்பாலும் அது யாரும் திறக்காத பெட்டி. பிறகு அந்த மெயில்களை அழித்துவிடுங்கள். தானாக அழியும்படி ஃபில்டர் போடுவதாக இருந்தால் ஒரு ஜாக்கிரதை: அதே வங்கியில் உங்களுக்கும் கணக்கு இருந்தால், வங்கியின் பெயரை மட்டும் வைத்து ஃபில்டர் போட்டால் உங்கள் ஸ்டேட்மென்ட்டும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அவருடைய கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் ஃபில்டரில் சேருங்கள்.

எக்காரணம் கொண்டும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தி அவர் கணக்குக்குள் நுழைந்து பார்க்காதீர்கள். மெயில் உங்களுக்கு வருவதால் நுழைந்துவிட முடியும் என்பது உண்மை. ஆனால் நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதைப் பின்னால் நிரூபிக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரும்.

இந்தப் புள்ளியை வைத்து ஒரு தந்திரமும் நடக்கிறது. யாரோ ஒருவர் உங்கள் ஐடியில் ஒரு புள்ளி சேர்த்து, மாதச் சந்தா கட்டும் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்குவார். கொஞ்ச நாளில் அவர் கொடுத்த கார்டு செல்லாமல் போகும். ‘உங்கள் கார்டு விவரத்தைப் புதுப்பியுங்கள்’ என்று அந்தத் தளத்திலிருந்து அசல் மெயில் உங்களுக்கு வரும். நம் சந்தாதானே என்று நீங்கள் கார்டு எண்ணைப் போட்டால், பணம் உங்களுடையது, படம் பார்ப்பவர் அவர். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், தளத்தின் பெயரை நீங்களே தட்டி, வழக்கமாக லாகின் செய்யும் ஐடியில் போய்ப் பாருங்கள். அங்கே பாக்கி ஏதும் இல்லையென்றால் அந்த மெயில் உங்கள் கணக்கைப் பற்றியது அல்ல.

கேள்வி: புள்ளி இல்லாமல் தொடங்கிய ஜிமெயில் ஐடியை விசிட்டிங் கார்டில் புள்ளி வைத்து அச்சடித்துவிட்டார்கள். 500 கார்டு. மறுபடி அடிக்க வேண்டுமா? (தையல் கடைக்காரர், தி.நகர்)

பதில்: வேண்டாம், அப்படியே கொடுங்கள். மெயில் வந்து சேரும். சொல்லப்போனால் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே புள்ளி இருந்தால் பார்ப்பவருக்குப் படிக்க எளிது. கூகுளில் லாகின் செய்யவும் எந்த வடிவம் வேண்டுமானாலும் செல்லும்.

சிக்கல் மற்ற தளங்களில் வரும். @-க்கு இடப்பக்கம் இருப்பதை எப்படிப் படிப்பது என்பது வலப்பக்கம் இருக்கும் நிறுவனத்தின் சொந்த விஷயம். புள்ளி கணக்கில்லை என்பது கூகுள் தன் வீட்டுக்குள் வைத்திருக்கும் விதி. ரயில் டிக்கெட் தளத்துக்கோ துணி விற்கும் தளத்துக்கோ அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு மல்லிப்பூவும் மல்லிப்.பூவும் இரண்டு ஆட்கள். புள்ளியோடு பதிவு செய்துவிட்டுப் புள்ளி இல்லாமல் லாகின் செய்தால் ‘அப்படி ஒரு கணக்கே இல்லை’ என்று வரும். பாஸ்வேர்டு மறந்துவிட்டதாக நினைத்து நாலு முறை முட்டிவிட்டு, கடைசியில் புதுக் கணக்குத் தொடங்குவார்கள். பழைய ஆர்டர் எல்லாம் பழைய கணக்கில் கிடக்கும். கார்டில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், தளங்களில் பதிவு செய்ய ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வடிவத்தில் பதிவு செய்தோம் என்பது மறந்திருந்தால், அந்தத் தளத்திலிருந்து வந்த பழைய மெயில் ஒன்றின் ‘டூ’ வரியைப் பாருங்கள். அதில் இருப்பதுதான் அவர்களிடம் பதிவாகியிருக்கும் வடிவம்.

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தின் மெயிலும் கூகுளில்தான் ஓடுகிறது. ஆனால் புள்ளி இல்லாமல் அனுப்பினால் திரும்பி வந்துவிடுகிறது. ஜிமெயிலுக்குப் புள்ளி முக்கியமில்லை என்கிறார்களே? (அலுவலக மேலாளர், நுங்கம்பாக்கம்)

பதில்: உங்கள் முகவரி சொந்த டொமைனில் (@-க்குப் பின்னால் வரும் பெயர்) முடிகிறது. பின்னால் இருந்து இயக்குவது கூகுளாக இருந்தாலும், நிறுவனங்களும் பள்ளிகளும் வைத்திருக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளில் புள்ளிக்கு மதிப்பு உண்டு. அங்கே ‘கணக்கு.பிரிவு’ ஒரு பெட்டி, ‘கணக்குபிரிவு’ வேறொரு பெட்டி. அப்படிப் பெட்டி இல்லையென்றால் 550 5.1.1 என்ற எண்ணோடு மெயில் திரும்பும். அந்த எண்ணுக்குப் பொருள், இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்பது. மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் அலுவலகங்களிலும் புள்ளி கணக்கில் உண்டு. அங்கிருந்து திரும்புவது 550 5.1.10 என்று வரும்.

தீர்வு, மாற்று முகவரி சேர்ப்பது. கூகுளின் அட்மின் கன்சோலில் டைரக்டரி, அதில் யூசர்ஸ், அதில் அந்த ஊழியரின் பெயர். அங்கே ‘ஆட் ஆல்டர்நேட் இமெயில்ஸ்’ என்று இருக்கும். புள்ளி இல்லாத வடிவத்தைச் சேர்த்துவிடுங்கள். ஓர் ஊழியருக்கு 30 வரை சேர்க்கலாம், கூடுதல் கட்டணம் இல்லை. சேர்த்தவுடன் சோதித்துப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று அழிக்காதீர்கள். முழுதாக நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். மைக்ரோசாஃப்ட் 365-இல் ஆக்டிவ் யூசர்ஸ் பட்டியலில் ஆளைத் தேர்ந்து, ‘மேனேஜ் யூசர்நேம் அண்ட் இமெயில்’ என்ற இடத்தில் இதையே செய்யலாம்.

எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி ‘கேட்ச்-ஆல்’ வைத்துவிடலாமே என்று கணினிக்காரர் சொல்வார். எங்கள் அபிப்பிராயத்தில் வேண்டாம். வாய்க்கு வந்த பெயரை எல்லாம் போட்டு அனுப்பும் ஸ்பாம் அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்கு வரும். அதைவிட மோசம், தவறான ஐடிக்கு அனுப்பியவருக்கு ‘திரும்பி வந்துவிட்டது’ என்ற தகவலே போகாது. ஜிஎஸ்டி கடைசித் தேதியில் ஒரு கிளையன்ட் அனுப்பிய பில், யாரும் திறக்காத கேட்ச்-ஆல் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அவர் அனுப்பிவிட்டேன் என்பார், நீங்கள் வரவில்லை என்பீர்கள், இரண்டும் உண்மையாக இருக்கும்.

கேள்வி: ஐடிக்குப் பின்னால் + போட்டு ஏதாவது ஒரு வார்த்தை சேர்த்தாலும் மெயில் வரும் என்று நண்பன் சொன்னான். செய்து பார்த்தேன், வருகிறது. ஆனால் சில தளங்கள் ஏற்க மாட்டேன் என்கின்றன. ஏற்ற ஒரு தளத்தில் இப்போது ‘அன்சப்ஸ்கிரைப்’ செய்ய முடியவில்லை. (கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: மல்லிப்பூ+கடை@ஜிமெயில்.காம் என்று கொடுத்தால், பிளஸ்ஸிலிருந்து @-க்கு முன்புவரை இருப்பதை விட்டுவிட்டு மல்லிப்பூவின் பெட்டியில் கூகுள் போடும். அவுட்லுக்.காம், ஐகிளவுட், புரோட்டான், ஃபாஸ்ட்மெயில், நம் சென்னைக்காரர்களான ஜோஹோ எல்லாமே இதை ஏற்கின்றன. யாஹூவில் இதற்கு வேறு வழி: செட்டிங்ஸில் ‘டிஸ்போசபிள்’ முகவரிக்கு ஓர் அடிப்பெயர் வைத்து, அதன் பின்னால் ஹைஃபன் போட்டு வார்த்தை சேர்க்க வேண்டும். முன்கூட்டியே உருவாக்கி வைத்தால்தான் வேலை செய்யும், போகிற போக்கில் சேர்க்க முடியாது.

ஏற்காத தளங்களைப் பற்றி: முகவரியில் பிளஸ் வரலாம் என்பது மின்னஞ்சல் விதிப்படி சரிதான். படிவத்தைச் சோதிக்கும் நிரலை எழுதியவர் எழுத்து, எண், புள்ளி, கோடு மட்டும் போதும் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். நீங்கள் எதுவும் செய்வதற்கில்லை, சாதா ஐடியைக் கொடுங்கள்.

அன்சப்ஸ்கிரைப் பிரச்சினைக்குக் காரணம் வேறு, கொஞ்சம் சுவையானது. இணைய முகவரியின் கேள்விக்குறிக்குப் பிந்தைய பகுதியில் பிளஸ் குறிக்கு ‘இடைவெளி’ என்று இன்னொரு பொருள் உண்டு. படிவங்கள் இடைவெளியை அப்படித்தான் மாற்றி அனுப்புகின்றன. உங்கள் ஐடியைச் சரியாகக் குறியேற்றாமல் அந்த லிங்க்கில் வைத்திருக்கிறார்கள். போய்ச் சேரும் இடத்தில் சர்வர் அதை ‘மல்லிப்பூ கடை’ என்று இடைவெளியோடு படிக்கிறது. அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை. லிங்க்கைத் திறந்த பிறகு பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். உங்கள் ஐடி வரும் இடத்தில் பிளஸ் குறியை அழித்துவிட்டு அங்கே மூன்று எழுத்துத் தட்டுங்கள்: சதவீதக் குறி, 2, ஆங்கிலப் பெரிய எழுத்து பி (ஏ-க்கு அடுத்து வருவது). என்டர் அழுத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

முழுப் பயன் வேண்டுமானால் ஃபில்டரும் போட வேண்டும். ஜிமெயிலைக் கணினி பிரவுசரில் திறவுங்கள். போன் ஆப்பில் ஃபில்டர் உருவாக்க வழி இல்லை. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். ‘டூ’ என்ற இடத்தில் பிளஸ்ஸோடு முழு ஐடியையும் போட்டு, ‘கிரியேட் ஃபில்டர்’ அழுத்தி, ‘அப்ளை தி லேபிள்’ என்பதில் ஒரு பெயர் வையுங்கள். இனி அந்தக் கடைக்குக் கொடுத்த ஐடிக்கு வேறு யார் எழுதினாலும் அதே லேபிளில் வரும். யாரிடமிருந்து ஐடி கசிந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் இதை முகமூடி என்று நினைத்துவிடாதீர்கள். பிளஸ்ஸுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டால் உங்கள் அசல் ஐடி கையில் வந்துவிடும் என்பது ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். இன்னொன்று, அந்தக் கடைக்குப் புகார் எழுத நேர்ந்தால் உங்கள் பதில் அசல் ஐடியிலிருந்து போகும், ‘பதிவு செய்த ஐடியிலிருந்து எழுதுங்கள்’ என்பார்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ் அண்ட் இம்போர்ட்’ பகுதியில் ‘சென்ட் மெயில் ஆஸ்’ என்ற இடத்தில் பிளஸ் வைத்த ஐடியைச் சேர்த்துக்கொண்டால் அனுப்பும்போது தேர்ந்தெடுக்கலாம். வங்கி, பிஎஃப், பாஸ்போர்ட், வருமான வரி ஆகியவற்றுக்குப் பிளஸ் வேண்டவே வேண்டாம். கவுன்டரில் நின்று ‘நடுவில் பிளஸ் சார்’ என்று சொல்லி, அவர் அதைச் சிரித்துக்கொண்டே தட்டி, அவருடைய கணினி ஏற்காமல், பின்னால் வரிசை நிற்க… அந்தக் காட்சி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போட வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் ஐடி எழுதிக்கொண்டு வருகிறார்கள். பாதி நேரம் ஓடிபி போய்ச் சேருவதில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? (சைதாப்பேட்டை)

பதில்: பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பற்றிக் கவலை வேண்டாம். விதிப்புத்தகமான ஆர்எஃப்சி 5321-இன்படி இடப்பக்கத்தில் இரண்டும் வேறாக இருக்கலாம். பெரிய நிறுவனங்கள் எதுவும் அப்படிப் பிரிப்பதில்லை. வலப்பக்க டொமைனில் எப்போதுமே வேறுபாடு இல்லை. கட்டம் போட்ட படிவத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும்போது வேறு தொல்லை வருகிறது: பெரிய ஐ, ஒன்று, சின்ன எல் மூன்றும் ஒரு கோடாகத் தெரியும், ஓ எழுத்தும் சுழியும் இரட்டைப் பிள்ளைகள். சீட்டில் சுழி என்றால் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

சீட்டைப் பார்த்தவுடனே பிழை கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஜிமெயில் பெயரில் எழுத்து, எண், புள்ளி மூன்றுக்கு மட்டுமே இடம். நீளம் 6 முதல் 30 வரை. புள்ளியில் தொடங்காது, புள்ளியில் முடியாது, இரண்டு புள்ளி ஒட்டி வராது. ஆகவே @ஜிமெயில்.காம் என்று முடியும் ஐடியில் அண்டர்ஸ்கோரோ ஹைஃபனோ இருந்தால் அது நிச்சயம் தவறு, அனுப்பிப் பார்க்கவே தேவையில்லை. ஆள் புள்ளியை இழுத்து எழுதியிருப்பார், அல்லது ஐடி ஜிமெயிலே அல்ல. அவுட்லுக்கிலும் யாஹூவிலும் அண்டர்ஸ்கோர் உண்டு. அங்கே அண்டர்ஸ்கோருக்கும் ஹைஃபனுக்கும் வித்தியாசம் முக்கியம். ஐடிக்கு அடியில் கோடு போட்டு வைத்திருந்தால் அண்டர்ஸ்கோர் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

வாயால் சொல்லிக் கேட்டு எழுதினால் இன்னும் மோசம். ‘டி’ என்றால் டைகரில் வரும் டியா, டாகில் வரும் டியா? ‘பி’ என்றால் பாலா, பேரட்டா? தமிழ் காதுக்கு இரண்டும் ஒன்று. கேட்டு எழுதாமல், அவர் போனில் ஜிமெயிலைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தை அழுத்தச் சொல்லுங்கள்; ஐடி முழுதாகத் தெரியும். அதைப் பார்த்துத் தட்டுங்கள்.

போனிலேயே படிவம் நிரப்பினால், கீபோர்டு பரிந்துரைக்கும் வார்த்தையைத் தொட்டதும் கடைசியில் ஓர் இடைவெளி தானாக விழும். கண்ணுக்குத் தெரியாது, படிவம் ‘தவறான ஐடி’ என்று அடம் பிடிக்கும். கடைசி எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே வரக்கூடும். நகலெடுக்காமல் கையால் தட்டுவதே தீர்வு. அரசு இணையதளங்களில் அலுவலர்களின் ஐடியில் @-க்குப் பதில் ‘அட்’ என்றும் புள்ளிக்குப் பதில் ‘டாட்’ என்றும் ஆங்கிலத்தில் அடைப்புக்குறி போட்டு எழுதியிருப்பார்கள். ஐடி திருடும் நிரல்கள் பொறுக்கிக்கொண்டு போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதை அப்படியே ஒட்டினால் போகாது, குறிகளாக மாற்ற வேண்டும்.

கேள்வி: என் பழைய ஐடி யாஹூ.கோ.இன். யாஹூ.காம் என்று கொடுத்தாலும் வருமா? (மயிலாப்பூர்)

பதில்: வராது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. மற்றதை வேறு யாராவது வைத்திருக்கலாம். ஹாட்மெயிலும் அவுட்லுக்கும் ஒரே மைக்ரோசாஃப்ட் என்றாலும் இதே கதைதான். விதிவிலக்கு ஜிமெயில்.காம், கூகுள்மெயில்.காம்: அவை ஒன்றுக்கொன்று சமம்.

யாஹூ ஐடியை 12 மாதம் திறக்காமல் விட்டால் பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள். 2013-இல் ஒருமுறை, பயன்படுத்தாத யாஹூ பெயர்களைப் புது ஆட்களுக்கே கொடுத்தார்கள். பழைய சொந்தக்காரருக்கு வந்த கடிதங்கள் புதியவர் கைக்குப் போயின. ஜிமெயிலில் அழித்த பெயரை வேறு யாருக்கும் தருவதில்லை. உங்கள் பென்ஷன் கணக்கில் இன்னும் அந்த யாஹூ ஐடிதான் இருக்கிறது என்றால், மாதம் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள், அல்லது பென்ஷன் அலுவலகத்தில் ஐடியை மாற்றிவிடுங்கள். இரண்டாவது நல்லது.

கேள்வி: எங்கள் ஆப்பில் ஒரே ஆள் புள்ளியும் பிளஸ்ஸும் மாற்றி மாற்றிப் போட்டுப் பத்துக் கணக்குத் தொடங்கி அறிமுகச் சலுகையை வாங்கிவிடுகிறார். எல்லா ஐடியிலும் புள்ளியை நீக்கிச் சேமித்தால் சரியாகிவிடுமா? (மென்பொருள் எழுதுபவர், சோழிங்கநல்லூர்)

பதில்: ஒரு கசிவை அடைக்கப் போய் வேறு இடத்தில் உடைத்துவிடுவீர்கள். அவுட்லுக்கில் புள்ளி வைத்தவரும் வைக்காதவரும் வெவ்வேறு ஆட்கள். நீங்கள் புள்ளியை நீக்கினால் ஒருவருடைய பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் மற்றவருக்குப் போகும். புரோட்டானில் புள்ளியோடு ஹைஃபனும் அண்டர்ஸ்கோரும்கூடக் கணக்கில் இல்லை. ஒவ்வொருவர் விதியும் ஒரு மாதிரி.

தரவுத்தளத்தில் இரண்டு பத்தி (நெடுவரிசை) வையுங்கள். முதலாவதில் பயனர் தட்டியதை அப்படியே, முன்பின் இடைவெளியை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். மெயில் அனுப்புவது எப்போதும் இதற்கே. இரண்டாவது ஒப்பிடுவதற்கு மட்டும்: முழுவதையும் சின்ன எழுத்தாக்குங்கள், டொமைன் ஜிமெயில்.காம் அல்லது கூகுள்மெயில்.காம் என்றால் மட்டும் புள்ளிகளையும் பிளஸ்ஸுக்குப் பிந்தையதையும் நீக்கி, டொமைனை ஜிமெயில்.காம் ஆக்குங்கள். சலுகை தருவதற்கு முன் இரண்டாவது பத்தியைப் பாருங்கள். எம்எக்ஸ் பதிவை (ஒரு டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்வது) பார்த்து, கூகுளுக்குப் போகும் டொமைன் எல்லாவற்றிலும் புள்ளியை நீக்கலாம் என்று தோன்றும். மேலே நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்குச் சொன்னதைப் படியுங்கள், வொர்க்ஸ்பேஸில் புள்ளி உயிரோடு இருக்கிறது. ஏற்கெனவே ஒரே ஆளாகக் கணக்காகும் பழைய பதிவுகளைத் தானாக இணைக்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். சலுகையை மட்டும் நிறுத்துங்கள், கணக்குகள் கிடக்கட்டும்.

கூகுள் பட்டன் வழியாக லாகின் தருகிறீர்கள் என்றால் மெயில் ஐடியைத் திறவுகோலாக வைக்கவே வேண்டாம். கூகுள் தரும் டோக்கனில் ‘சப்’ என்ற ஓர் எண் இருக்கும். ஐடி மாறினாலும் அது மாறாது. அதைச் சேமியுங்கள். நீள வரம்பு: @-க்கு முன் 64, முழு முகவரிக்கு 254. தரவுத்தளத்தில் 50 என்று வைத்து வெட்டுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிளஸ்ஸைத் தடுக்காதீர்கள், தாம்பரம் மாணவர் பாவம். எவ்வளவு பெரிய ரெகெக்ஸ் (எழுத்து அமைப்பைச் சோதிக்கும் சூத்திரம்) எழுதினாலும் ஐடி உண்மையா என்பதை அது சொல்லாது. ஓர் உறுதி மெயில் அனுப்பினால்தான் தெரியும்.

கேள்வி: தமிழிலேயே மெயில் ஐடி வைத்துக்கொள்ள முடியுமா? (தமிழ் ஆசிரியர், அம்பத்தூர்)

பதில்: முடியும். 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6530, 6531, 6532 ஆகியவை @-க்கு இரு பக்கமும் எந்த மொழி எழுத்தும் வர வழி செய்தன. வலப்பக்கத்துக்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற தமிழ் முடிவுகள் இருக்கின்றன. 2014 முதல் ஜிமெயில் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் செய்கிறது. ஆனால் தமிழில் ஜிமெயில் ஐடி தருவதில்லை. சொந்த டொமைன் எடுத்து, எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற, பிறமொழி முகவரிகளைக் கையாளும் வசதி உள்ள சர்வரில் வைக்க வேண்டும். அனுப்புகிறவர் பக்கத்து சர்வரிலோ வழியில் உள்ள சர்வரிலோ அந்த வசதி இல்லையென்றால் மெயில் திரும்பிவிடும். டொமைனை ஆங்கில எழுத்துச் சங்கேதமாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, இடப்பக்கப் பெயருக்கு அது கிடையாது. அதனால் கூடவே ஓர் ஆங்கில ஐடியையும் அதே பெட்டிக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலின் புள்ளிச் சிக்கலைவிடக் கெட்டிக்காரத்தனமான சிக்கல் தமிழில் இருக்கிறது. ‘கொ’ என்பதை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே எண்ணாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி எண்ணாக. திரையில் ஒரு மயிரிழை வேறுபாடும் தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு. மெயில் சர்வர் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் இவற்றை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றாக்காத சர்வரில் ‘கொற்றவை’ என்று இரண்டு பேர் இருக்க முடியும். ‘ஔ’வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டிய ‘ஒள’வை என்எஃப்சியும் சரிசெய்யாது. நெடிலின் காலும் ரகரமும், எகரமும் தமிழ் எண் ஏழான ௭-உம், உகரமும் ௨-உம் இதே வகை. ஐடி தேர்ந்தெடுக்கும்போது ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் இல்லாத பெயராகப் பாருங்கள். பெயரில் தவிர்க்க முடியாது என்றால், விண்டோஸ் கணினி ஒன்றிலும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும் அந்த ஐடியைத் தனித்தனியே தட்டி ஆளுக்கொரு மெயில் அனுப்பிச் சோதியுங்கள். இரண்டும் வந்து சேர்ந்த பிறகு லெட்டர்ஹெட் அச்சடிக்கலாம்.